தொடாத வெற்றிலை

தைப்பொங்கலுக்கு முதல்நாள், பகல் ஒன்றரை மணி. இத்தாலியச் சின்யோராவின் வீட்டு வேலையை முடித்து வந்த கேசிகா சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் பல்கனிக்குப் போனாள். செடிக்கூட்டின் பிளாஸ்டிக் உறை அடிவரை மூடியிருந்தது. உறையைத் திறக்கும் சிப்பின் இடுக்குகளில் துவாய்கள் திணிக்கப்பட்டிருந்தன. உள்ளே ஆவி. வெற்றிலைக்கொடி அவித்த கீரைபோலத் தொங்கியது.

பலெர்மோவில் குளிர்காலத்து இரவில் கூட்டை மூட வேண்டும். வெயில் ஏறினால் திறக்க வேண்டும். இரண்டு கொடிகளைச் சாகக் கொடுத்துத்தான் அவள் இதைக் கற்றாள். இது மூன்றாவது.

நேற்று அவளுக்கு மாதவிலக்கு வந்திருந்தது. பொங்கலுக்கு மிலானிலிருந்து வந்திருந்த கணவனின் அக்கா ஞானம்பிகை அதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். துடக்கோடு தொட்டால் வெற்றிலை பட்டுப்போகும், நானே பார்க்கிறேன் என்றாள். கணவன் றஞ்சித், "அக்கா இஞ்சை நிக்கிற மட்டும் பேசாமல் விடு" என்றான். கேசிகா விட்டாள். பத்து மணிக்குக் கூட்டைத் திறக்கும்படி ஞானம்பிகையிடம் சொல்லிவிட்டுத்தான் காலையில் வேலைக்குப் போனாள்.

"மச்சாள், கூட்டைத் திறக்கேல்லையோ?"

ஞானம்பிகை சோபாவில் சால்வைக்குள் இருந்தாள். "என்ன கதை கதைக்கிறாய்? எனக்கே கை விறைக்குது. அதுக்குக் குளிராதே? துவாயும் வைச்சு அடைச்சனான்."

"வெளியிலை வெயில் எறிக்குது."

"உன்ரை வெயிலும் நீயும்."

கேசிகா சிப்பை இழுத்தாள். சூடான காற்று முகத்தில் அடித்தது.

"எட்ட நில் பிள்ளை! தொடாதை!"

அடித்தண்டில் ஒரு கணு மட்டும் பச்சையாக இருந்தது. உடனே நிழலுக்கு எடுத்தால் பிழைக்கலாம். அவள் செடிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள்ளால் குளியலறைக்கு நடந்தாள்.

"ஐயோ, சாமிப்படத்துக்கு முன்னாலையே கொண்டுபோறாய்?"

ஞானம்பிகை தம்பிக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். றஞ்சித் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தின் சமையலறையில் நின்றான். தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது.

"தம்பி, வெற்றிலை செத்துப்போச்சு. இவள் தொட்டிட்டாள்."

"கேசிகா, அக்கா சொன்னவ எல்லே? ஏன் தொட்டனி?"

"செத்தாப் பிறகுதான் தொட்டனான்," என்றாள் கேசிகா. சட்டியைத் திறந்த குழாயடியில் வைத்துக் கருகிய இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"நேற்றே பக்கத்தாலை போயிருப்பாய்," என்றாள் ஞானம்பிகை, குளியலறை வாசலில் நின்று. "நாளைக்குக் கும்பத்தடியிலை நான் எதை வைக்கிறது?"

"அக்கா, விடுங்கோ. கேசிகா, நீயும் விடு. எனக்கு இஞ்சை வேலை கிடக்கு."

கேசிகா குழாயை மூடினாள்.

"எல்லா மாதமும் தொட்டுத்தான் வளத்தனான் மச்சாள். நவராத்திரிக்கு உங்களுக்கு அனுப்பின வெற்றிலையும் துடக்கோடை பிடுங்கினதுதான். ஒரு கிழமையா வாடாமல் கிடந்தது எண்டு போன் எடுத்துச் சொன்னது ஆர்?"