லீவு நாளில் விழுந்த டாலர்

தென்னாப்பிரிக்காவின் மாமெலோடி நகரியம் முழுக்க இறைச்சி சுடும் புகை. பாரம்பரிய தின விடுமுறை. டெபோஹோ மட்டும் அடுப்பில் வேகும் வோர்ஸ் சாசேஜைப் பார்க்காமல் செல்போனைக் குத்திக்கொண்டிருந்தான். திரையில் அதே வாசகம்: சந்தைக்கு இன்று விடுமுறை.

"மச்சான், வோர்ஸ் கருகுது," என்றான் மொலெஃபே. டெபோஹோவின் மனைவி ரெஃபில்வேயின் தம்பி. நாணய வியாபாரத்தில் மூன்று முறை கையைச் சுட்டுக்கொண்டும் அடங்காதவன்.

"கருகட்டும். டாலருக்கு எதிரா நம்ம ரேண்ட் ஏறிட்டே இருக்குடா. என் டாலர் ஃபண்டை விற்க முடியல."

"ஜோஹன்னஸ்பர்க் பங்குச் சந்தை தூங்குது. உலகம் தூங்குமா? என் கணக்குல இன்னிக்கும் நாணய வியாபாரம் ஓடுது. அக்கா பேச்சைக் கேட்டு பங்கு மாதிரி டாலர் வாங்கினே பாரு, அதான்."

டெபோஹோவுக்குச் சுருக்கென்றது. டயர் கடை வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் நாணய வியாபாரம் செய்ய வேண்டும் என்பது அவன் கனவு. ரெஃபில்வே வைத்த நிபந்தனை ஒன்றுதான். டிசம்பர் வரை, பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் அந்த டாலர் ஃபண்ட் மட்டும். கடன் வாங்கிப் பெருக்கும் கணக்கு எதையும் தொடக் கூடாது. போட்ட பணத்துக்கு மேல் நஷ்டம் போகாத இடத்தில் பழகிக் காட்டினால், ஜனவரியில் வேலையை விடலாம்.

இதுவரை ஒழுங்காகத்தான் பழகியிருந்தான். இன்று விடுமுறை என்பதை மட்டும் மறந்து, நேற்று மாலை நல்ல விலை வந்தும் விற்காமல் விட்டான். ரேண்ட் ஏற ஏற, டாலர் ஃபண்டின் லாபம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது.

"உன் ஃபோனைக் கொடு," என்றான்.

"எதுக்கு?"

"இங்க டாலர் வித்தா, அங்க போறதை ஈடுகட்டிடலாம்."

"அக்கா என்னைத் தோல் உரிச்சிடுவா."

"உன் அக்கா சமையல்ல இருக்கா. கொடுடா."

மொலெஃபேயின் கணக்கு கடன் பலத்தில் ஓடுவது. சிறு தொகை போட்டால் இருபது மடங்கு ஆடும். டாலர் விழுந்தால் லாபம் என்று, கையில் இல்லாத டாலரை டெபோஹோ அதில் விற்றான். பத்தே நிமிடத்தில் ரேண்ட் இன்னொரு பாய்ச்சல் பாய்ந்தது. திரை பச்சையானது. உடனே டாலரைத் திரும்ப வாங்கி வியாபாரத்தை முடித்தான். ஃபண்டில் போனதற்கு மேலேயே வந்துவிட்டது.

ரெஃபில்வே பாப் என்ற சோளக்களிப் பானையோடு வெளியே வந்தாள். கணவன் முகத்தைப் பார்த்தாள்.

"லெசெடி அப்பா, என்ன இளிப்பு?"

"ஜெயிச்சிட்டேன். ரேண்ட் ஏறும்னு கணிச்சேன், ஏறிச்சு."

"ஃபண்டை வித்தியா?"

"ஆமா... அது மாதிரி."

"காலையிலருந்து சந்தை லீவு, லீவுன்னு புலம்பினது யாரு?"

மொலெஃபே எழுந்து, கருகிய வோர்ஸை அவசரமாகத் திருப்பிப் போட்டான்.

"இவன் கணக்கா?" என்றாள்.

"நஷ்டம் இல்லையே, ரெஃபில்வே. லாபம்தானே வந்திருக்கு."

"அதான் எனக்குப் பயம். தோத்திருந்தா இன்னிக்கே விட்டிருப்பே. ஒருநாள் சும்மா இருக்க முடியல உனக்கு. ஜனவரிப் பேச்சே இனி வேண்டாம்."

"ஒரே ஒரு தடவைதான்..."

"நான் சொன்னதும் ஒண்ணே ஒண்ணுதான்."

பானையை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பான். அதற்கும் வழியில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்குச் சந்தை திறந்தபோது, டெபோஹோ டயர் கடையில் ஒரு மினிபஸ் டாக்சியின் பின் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். துருப்பிடித்த நட்டு அசைய மறுத்தது. பாக்கெட்டில் செல்போன் அதிர்ந்தது. கையெல்லாம் கிரீஸ்.

"அந்த நட்டு இன்னும் கழலலியா?" முதலாளி உள்ளேயிருந்து கேட்டார்.

"கழட்டிட்டே இருக்கேன் சார்," என்றான் பல்லைக் கடித்தபடி.