தேவேந்திரா பேசிய காலை

தேவேந்திரா அதிகம் பேசாத மனிதர். பிஜித் தீவில் வரதோலியில் வீடு, இருபத்தாறு வருஷமாக லவுத்தோக்கா நகரத்துக்கு பஸ் ஓட்டுகிறார்; டிக்கெட் கொடுப்பதும் அவரே. ஈரலில் புற்றுநோய் என்று சொன்னபோதுகூட, "எப்போ வெட்டணும்?" என்று மட்டும்தான் கேட்டார்.

2007 ஜனவரியில் தலைநகர் சுவாவில் ஆபரேஷன் நடந்தது. ராணுவம் ஆட்சியைப் பிடித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஈரலில் பாதியை எடுத்தார்கள். கட்டி முழுசாகப் போய்விட்டது. மனைவி கம்லா கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள்.

நான்காம் நாள் காலையில் அவர் பேச ஆரம்பித்தார். ஊசி போட வந்த நர்ஸிடம், "பின்னால இடம் இருக்கு, உள்ளே தள்ளிப் போங்க" என்றார். பக்கத்துக் கட்டில்காரரிடம் டிக்கெட்டுக்குச் சில்லறை கேட்டார். வார்டே சிரித்தது. வலி மருந்தின் மயக்கம், தெளிந்துவிடும் என்றார்கள்.

கம்லா சிரிக்கவில்லை. நேராக வார்டு டாக்டர் ப்ரேமிலாவிடம் போனாள்.

"டாக்டர், கல்யாணத்தன்னைக்கே இந்த ஆள் என்கிட்ட நாலு வார்த்தைதான் பேசினார். இன்னைக்கு விடிஞ்சதிலேருந்து வாய் மூடலை. இது அவர் இல்லை."

ப்ரேமிலா வந்து பார்த்தாள். கைகளை நீட்டச் சொன்னபோது அவை படபடவென்று அடித்துக்கொண்டன; ஈரல் கெட்டால் வரும் அறிகுறி அது. ஆனால் ஈரல் பரிசோதனைகள் எல்லாம் சரியாகவே இருந்தன.

"ஆன்ட்டி, என்ன சாப்பிடறார்?"

"இங்கே கொடுத்த புரோட்டீன் பால்தான். தெம்பு வரும்னு தினமும் நாலு டம்ளர் நானே ஊட்டினேன். பாவம், முகத்தைச் சுளிச்சுக்கிட்டே குடிச்சார். சின்ன வயசிலேருந்தே பருப்பு, மீன், கறி எதுவும் தொடமாட்டாராம். தின்னா தலைவலி, வாந்தி. சோறும் மரவள்ளியும்தான் அவருக்கு உயிர்."

ப்ரேமிலா மனசுக்குள் கணக்குப் போட்டாள். புரோட்டீன் செரிக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. அதை அகற்றுவது ஈரல். பிறவியிலேயே அந்த வேலையில் குறை உள்ளவர்கள், காரணம் தெரியாமலே பருப்பையும் கறியையும் ஒதுக்கிக் காலத்தை ஓட்டிவிடுவார்கள். இப்போது பாதி ஈரல். மேலே நாலு டம்ளர் பால். அம்மோனியா மூளைக்கு ஏறியிருக்கலாம்.

ரத்தத்தை ஐஸில் வைத்து உடனே சோதிக்க வேண்டும். லேப் ஊரின் மறுபக்கம். ப்ரேமிலாவே ஐஸ் பெட்டியோடு டாக்ஸியில் ஏறினாள். வழியில் ராணுவத் தடுப்பில் சிப்பாய் ஒருவன் மறித்தான்.

"பெட்டியில் மீனா?"

"மனுஷ ரத்தம்."

அவன் இரண்டடி பின்வாங்கி, தடுப்பைத் தானே விலக்கிவிட்டான்.

அம்மோனியா இருக்கவேண்டிய அளவைப்போல் ஐந்து மடங்கு இருந்தது. ப்ரேமிலா ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனுக்கு போன் போட்டாள். அவளோடு டாக்டருக்குப் படித்தவர்களில் பாதிப்பேர், 2000-இல் நடந்த ஆட்சிக் கலகத்துக்குப் பிறகு பிஜியை விட்டு அங்கேதான் போயிருந்தார்கள். போனை எடுத்தவன் அவர்களில் ஒருவன், அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் சதேந்திரா.

"புரோட்டீனை நிறுத்து, குளுக்கோஸ் ஏத்து. அம்மோனியாவை இறக்குற மருந்து என்கிட்ட இருக்கு. யார் கொண்டுவருவாங்க?"

தேவேந்திராவின் மகள் சஞ்சேஷ்னியும் அதே ஊரில்தான் குடியேறியிருந்தாள். மறுநாள் மத்தியானம் மருந்துப் பையோடு வந்து இறங்கினாள். அதற்குள் அவர் பேச்சை நிறுத்தி, கூப்பிட்டாலும் கண் திறக்காமல் கிடந்தார். கம்லா அவர் காதருகே குனிந்து, "ஏதாவது உளறுங்களேன்" என்று கெஞ்சினாள்.

மருந்து ஏறியது. இரண்டாம் நாள் காலை அவர் கண் திறந்து மகளைப் பார்த்தார். கம்லாவைப் பார்த்தார்.

"பசிக்குது" என்றார். அவ்வளவுதான்.

"இது என் வீட்டுக்காரர்தான்!" என்று கம்லா அழுதுகொண்டே சிரித்தாள்.

ப்ரேமிலாவுக்கும் ஆஸ்திரேலியா விசா வந்திருந்தது. தேவேந்திரா எழுந்து நடக்கும்வரை பயணத்தை இரண்டு வாரம் தள்ளிவைத்தாள். அவள் கிளம்பும் நாளில் கம்லா பெரிய பாட்டில் நிறைய மாங்காய் ஊறுகாயோடு வந்து நின்றாள்.

"கஸ்டம்ஸ்ல பிடுங்கிடுவாங்க, ஆன்ட்டி."

"பிடுங்குவாங்களா? அப்போ உட்காரு" என்று கம்லா சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். "முடிஞ்சவரைக்கும் இங்கேயே தின்னுட்டுப் போ."