ஐம்பத்தெட்டு லட்சத்து ஒரு ரூபாய்

வியாழக்கிழமை சாயங்காலம் கோவர்தன் ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய அதிரசத்தோடு தங்கை வீட்டுக்கு வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இரண்டு டம்ளர் காபி குடித்தான். மறுநாள் ஆன்லைனில் நடக்கவிருந்த ஏலத்தில் எப்போது விலை கேட்க வேண்டும், எப்போது கேட்கவே கூடாது என்று ஹம்ஸாவுக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினான்.

“எடுத்த எடுப்புல போட்டுடாதே. நம்ம ஆசையை நாமே ஊருக்குக் காட்டிக் குடுத்தாப்பல ஆயிடும். கையை மடியில வெச்சுண்டு உட்காரு. கடைசிப் பத்து செகண்ட்ல டக்குனு போடணும். எதிராளி முழிச்சுக்கறதுக்குள்ள கதை முடிஞ்சிருக்கணும்.”

“பதினொன்றரைக்கு முடியறதே அண்ணா? நாளைக்கு வெள்ளிக்கிழமை. பத்தரையிலேருந்து பன்னிரண்டு ராகு காலமாச்சே.”

“அதுக்கும் வழி இருக்கு. கடைசி அஞ்சு நிமிஷத்துல யார் போட்டாலும் கடிகாரம் மறுபடி அஞ்சு நிமிஷத்துலேருந்து ஓடும். ரெண்டு பேர் மாத்தி மாத்திப் போட்டாத் தானா பன்னிரண்டு தாண்டிடும். அப்போ நீ போடு. ராகு காலத்துல மட்டும் கையை வெச்சுடாதேடி. வீடு வாங்கறது விளையாட்டு இல்லே.”

ஹம்ஸா தலையாட்டினாள். வேறு யாரிடம் கேட்பாள்? அண்ணன் மன்னார்புரத்தில் ஆடிட்டர் ஆபீஸில் இருப்பவன். அவளுடைய லோன் பேப்பர்களைத் தயார் செய்ததும் அவன்தான், ஏலத்துக்கு முன்பணம் கட்டி அவள் பெயரைப் பதிந்து கொடுத்ததும் அவன்தான். “எவ்வளவு வரைக்கும் உன்னால போக முடியும்?” என்று கேட்டதும் அவன்தான். ஐம்பத்தெட்டு லட்சம் என்று சொல்லியிருந்தாள். அது அவள் கணவர் ரங்காவுக்குக்கூடச் சரியாகத் தெரியாது. மனுஷர் கணக்கு என்றாலே காத தூரம் ஓடுவார்.

ஏலத்துக்கு வந்த வீடு, ஸ்ரீரங்கத்தில் அவள் ஒன்பது வருஷமாகக் குழந்தைகள் காப்பகம் நடத்தும் வாடகை வீடு. வேலைக்குப் போகும் அம்மாக்கள் காலையில் கொண்டுவந்து விட்டுப்போகும் இருபத்திரண்டு குழந்தைகள். வீட்டுக்காரர் சௌரிராஜன் வீட்டின் மேல் கடன் வாங்கி, கட்டாமல் விட்டு, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் சென்னைக்குப் போய்விட்டார். பேங்க் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவந்தது. கோயிலுக்கு இவ்வளவு பக்கத்தில் இடத்தை எடுப்பவன் இடித்துவிட்டு லாட்ஜ் கட்டுவானே தவிர, தொட்டிலும் பாயுமாக அவளை வைத்துக்கொண்டிருக்க மாட்டான். எடுத்தால் அவள் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் காப்பகத்தை மூட வேண்டும். நடுவில் வேறு பாதை கிடையாது.

“எனக்கும் அந்த இடத்து மேல ஒரு கண்ணு இருந்தது, நிஜம்தான்” என்று போகும்போது சொன்னான் கோவர்தன். “ஆனா நீ கேக்கறப்போ நான் குறுக்கே வருவேனா? நமக்குள்ள போட்டியா? நாளைக்கு நான் ஜீயபுரத்துல வாழைக் கொல்லையில இருப்பேன். ஏதாவதுன்னாக் கூப்பிடு.”

ஹம்ஸாவின் கண் கலங்கிவிட்டது. இரண்டு அதிரசம் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணி. காப்பகத்தின் சின்ன ஆபீஸ் அறையில் லேப்டாப். ஹம்ஸாவின் தோளுக்குப் பின்னால் வேணி. காப்பகத்தை ஹம்ஸாவோடு சேர்ந்து நடத்துகிறவள், பாதிப் பங்குக்காரி. திரையில் யார் பெயரும் கிடையாது. ஏலதாரர் இரண்டு, ஏலதாரர் ஐந்து என்று எண்கள்தான். ஹம்ஸா ஏலதாரர் ஏழு.

நாற்பத்தைந்தில் ஆரம்பித்தது. இரண்டாம் எண்காரரும் ஐந்தாம் எண்காரரும் மாறி மாறி ஏற்றினார்கள். நாற்பத்தெட்டு, ஐம்பது, ஐம்பத்தொன்று. ஹம்ஸா கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

சரியாகப் பத்து இருபத்தொன்பதுக்குத் திரை ஒரு தடவை கண் சிமிட்டியது.

ஏலதாரர் ஐந்து: 58,00,001.

“என்னக்கா இது, ஒரேயடியாத் தாவிட்டாங்க?” என்றாள் வேணி. “அது என்ன கடைசியில ஒரு ரூபா? கல்யாண மொய்யா எழுதறாங்க?”

ஹம்ஸா திரைக்குக் கிட்டே குனிந்தாள். அந்த ஒரு ரூபாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா எதையும் ரவுண்டாகக் கொடுக்க மாட்டார். பூக்காரிக்குக்கூட இருபத்தொன்று. அந்தப் பழக்கம் பெண்ணுக்கு வரவில்லை, பிள்ளைக்கு வந்தது. ஐந்நூற்றொரு ரூபாய்க்குப் பெட்ரோல் போடச் சொல்லும் ஆள் திருச்சி முழுக்கத் தேடினாலும் ஒருத்தன்தான்.

ஐம்பத்தெட்டு லட்சம் அவளுடைய எல்லை. வேணியைத் தவிர உலகத்தில் அது தெரிந்தவன் ஒருத்தன்தான். ராகு காலம் தொடங்க ஒரு நிமிஷம் இருக்கும்போது அந்த எல்லைக்கு மேல் ஒரு ரூபாய் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். இனி தங்கை ராகு காலத்தில் தொட மாட்டாள். தொட்டாலும் அவளிடம் காசு இல்லை. பதினொன்றரைக்கு வீடு அவனுடையது.

“எங்க அண்ணா” என்றாள்.

“எது?”

“அஞ்சாம் நம்பர்.”

வேணி லேப்டாப்பை விட்டு அவள் பக்கம் திரும்பினாள். “நேத்து சாயந்தரம் வந்து உக்காந்து...?”

“ம். ரெண்டு காபி.”

நெய்யும் ஏலக்காயுமாக நேற்றைய அதிரசத்தின் வாசனை தொண்டையில் இன்னும் இருந்தது. ஹம்ஸா எழுந்து போய்க் குழாயடியில் வாயைக் கொப்பளித்தாள். இன்னொரு தடவை கொப்பளித்தாள். போகவில்லை. அவளுடைய வீட்டு டம்ளரில் குடித்து, அவளுடைய பையைத் தடவிப் பார்த்து, எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு போயிருக்கிறான். பிக்பாக்கெட்காரன்கூட இவ்வளவு நேரம் உட்கார்ந்து பேச மாட்டான்.

திரும்பி வந்தபோது முகத்தில் ஈரம் சொட்டியது.

“உன்னோட மூணு லட்சத்தைப் பத்தி நான் அவன்கிட்டே சொல்லலே, வேணி.”

“நான்தானே சொல்லக் கூடாதுன்னேன்? என் வீட்டுக்காரர் காதுக்குப் போனா ஒரே வாரத்துல கரைச்சிடுவாருல்ல?” வேணி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “அப்போ நம்மகிட்ட அறுபத்தொண்ணு இருக்கு. போடுங்க அக்கா.”

“ராகு காலம்.”

“எனக்கு அதெல்லாம் கிடையாது. வேணும்னா நான் பட்டனை அமுக்கறேன்.”

ஹம்ஸா மணியைப் பார்த்தாள். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. பதினொன்று. நாற்பத்தாறு வயசுக்கு ராகு காலத்தில் அவள் ஒரு புதுத் துடைப்பம்கூட வாங்கியதில்லை. அது கிடக்கட்டும். இப்போது எதிரி ராகு இல்லை, பன்னிரண்டு மணி. கடைசி நிமிஷம்வரை காத்திருந்து கேட்டால், இரண்டாம் எண்காரர் பதிலுக்குக் கேட்பார். கடிகாரம் ஐந்து ஐந்து நிமிஷமாக நீளும். பன்னிரண்டு அடித்ததும் அண்ணன் புதுத் தெம்போடு வந்து உட்காருவான். அவன் சொல்லிக்கொடுத்த நேரம் அவனுக்கு வசதியான நேரம். அதற்கு முன்னாலேயே சண்டையை முடித்துவிட வேண்டும்.

“நானே போடறேன்” என்றாள்.

58,50,000. பட்டனை அமுக்கினாள். கூரை இடிந்து விழவில்லை. பக்கத்து அறையில் ஒரு குழந்தை தும்மியது, அவ்வளவுதான்.

ஆறு நிமிஷம் கழித்து இரண்டாம் எண்காரர் இருபத்தைந்தாயிரம் ஏற்றினார். ஹம்ஸா ஐம்பத்தொன்பது என்றாள். அதற்குப் பிறகு இரண்டாம் எண் சத்தமே இல்லை.

பதினொன்று இருபது. இருபத்தைந்து.

“உங்க அண்ணன் போனுக்கு, உங்க விலையை யாரோ தாண்டிட்டாங்கன்னு மெசேஜ் போயிருக்குமே?” என்றாள் வேணி. “போட்டுட்டா?”

“போட மாட்டான்.” ஹம்ஸாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. “எங்க அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்ததே, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமைதான். மணி பதினொண்ணு அஞ்சு. நான் அப்போ திருவெறும்பூர்ல இருந்தேன். அண்ணா கார் சாவியைக் கையில வெச்சுண்டு பன்னிரண்டு அடிக்கிற வரைக்கும் வாசல்லயே நின்னான். அப்பறம்தான் வண்டியை எடுத்தான். மூணாம் நாள் அப்பா போயிட்டார்.”

“அடப்பாவி. நீங்க ஒண்ணும் கேக்கலியா?”

“கேக்கலே. அவன் நம்பிக்கை அவனுக்கு, வேணும்னேவா செஞ்சான்னு நெனைச்சுண்டேன். மன்னிகிட்டேகூட அவனுக்காகப் பரிஞ்சு பேசினேன். அப்பாவுக்காக மீறாதவன் இதுக்கு மீறுவானா?”

பதினொன்று இருபத்தொன்பது. திரையில் வினாடிகள் இறங்கின. இருபது. பதினைந்து. பத்து.

திரை கண் சிமிட்டியது.

ஏலதாரர் ஐந்து: 59,50,001.

வேணி லேப்டாப்பைப் பார்க்கவில்லை, ஹம்ஸாவின் முகத்தைப் பார்த்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தாள் போல. ஹம்ஸா அழவில்லை. சாப்பாட்டில் தலைமுடி கிடந்தால் ஒரு மாதிரி முகம் சுளியுமே, அந்த மாதிரி சுளித்தது. அப்பாவின் உயிருக்கு மீற முடியாத ராகு காலம், லாட்ஜுக்கு மீற முடிந்திருக்கிறது. அப்படியானால் அன்றைக்கு அந்த ஐம்பத்தைந்து நிமிஷம் அவன் கையில் சாவியை வைத்துக்கொண்டு எதற்காக நின்றான்? அந்தக் கேள்வியின் பக்கத்தில் போகவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

கடிகாரம் மறுபடி ஐந்து நிமிஷத்திலிருந்து ஓட ஆரம்பித்தது. ஹம்ஸா உடனே 61,00,000 என்று அடித்து அமுக்கினாள். கடைசிக் காசு. இனி அவளிடம் வேணியின் பணத்தில்கூட ஒரு ரூபாய் மிச்சமில்லை. கடிகாரம் திரும்பவும் ஐந்துக்குப் போயிற்று.

“இன்னொரு தடவை போட்டார்னா முடிஞ்சுதுக்கா.”

“போடுவான். ஆனா இப்போ போட மாட்டான். கடைசிப் பத்து செகண்ட்லதான் போடுவான். அதான் அவன் வித்தை.” ஹம்ஸா கைப்பேசியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். “கொல்லையில நிக்கறான். லேப்டாப் இருக்காது. போன்லதான் போட்டுண்டிருக்கான்.”

நான்கு நிமிஷம் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பது வினாடி என்று திரை காட்டியபோது ஹம்ஸா அண்ணனை அழைத்தாள்.

மூன்றாவது மணியில் எடுத்தான். எடுக்காமல் எப்படி இருப்பான்? கூப்பிடு என்று சொன்னவன் ஆயிற்றே. பின்னால் மோட்டார் பம்பு ஓடும் சத்தம்.

“சொல்லுடி, என்ன ஆச்சு? எவனாவது ஏத்திட்டானா?”

“ஆமா அண்ணா. அறுபத்தொண்ணுக்குப் போயிடுத்து.”

“ஐயையோ. போனாப் போறது விடு, பெருமாள் வேற காமிப்பார். நான் ரெண்டு நிமிஷத்துல கூப்பிடறேன், இங்கே ஒரு சின்ன வேலை...”

முப்பத்தைந்து.

“ஒரே ஒரு கேள்வி. அப்பாவுக்கு வலி வந்த அன்னிக்கு நீ வாசல்ல எத்தனை நாழி நின்னே?”

“என்னது? இப்போ எதுக்குடி அதெல்லாம்?”

“ஐம்பத்தஞ்சு நிமிஷம். டாக்டர் என்ன சொன்னார், ஞாபகம் இருக்கா? ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாமேன்னார்.”

“சாஸ்திரம்னு ஒண்ணு இருக்கோல்லியோ? நல்ல நேரம் பாத்து நான் கொண்டு போனது தப்பா? ஹம்ஸா, அப்பறம் பேசலாம், நான்...”

பதினாறு.

“இப்போ மணி என்ன அண்ணா?”

மறுமுனையில் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது.

“சொல்லு. இப்போ என்ன நேரம்? நல்ல நேரமா?”

போனைக் காதிலிருந்து எடுத்தால்தான் விலை போட முடியும் என்பது அவனுக்குக் காலம் கடந்துதான் தோன்றியிருக்கும். வேணி மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்று. இரண்டு. ஒன்று.

ஏலம் முடிந்தது. அதிக விலை கேட்டவர்: ஏலதாரர் ஏழு.

“ஹம்ஸா... நீயா போட்டே?” என்றான் கோவர்தன். “உன்கிட்டே ஏதுடி அறுபத்தொண்ணு?”

அத்தனைக்கும் பிறகு அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான். ஹம்ஸா இணைப்பைத் துண்டித்தாள்.

வேணி அவளைக் கட்டிக்கொண்டாள். சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், குழந்தைகளுக்கெல்லாம் இன்றைக்குப் பாயசம் என்று கத்தினாள். ஹம்ஸாவுக்கும் சிரிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. வாய் கசந்தது.

கைப்பேசி அடித்தது. கோவர்தன் அண்ணா. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஹம்ஸா அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தாள். குழந்தைகளுக்குக் கொடுக்கலாம் என்று காலையில் கொண்டுவந்திருந்த எவர்சில்வர் டப்பாவில் அதிரசம் பாதிக்கு மேல் இருந்தது. அத்தனையையும் குப்பைக் கூடையில் கவிழ்த்தாள். டப்பாவைச் சோப்புப் போட்டு, வெந்நீர் விட்டு, வாசனை போகும்வரை தேய்த்தாள்.

“வேணி, மத்தியானம் மன்னார்புரம் பக்கம் போறியோல்லியோ? இதை எங்க அண்ணா வீட்டுல மன்னிகிட்டே குடுத்துடு.”

வேணி டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தாள். “வெறும் டப்பாவையா குடுக்கறது? ரெண்டு ஸ்பூன் சர்க்கரையாவது போடறேன் இருங்கக்கா. காலியாக் குடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?”

“போட வேண்டாம்” என்றாள் ஹம்ஸா. “காலியாவே குடு.”