யோசித்துச் சொல்கிறேன்

எஸ்.எஸ்.எல்.சி. தேறி ஒடுகத்தூரிலிருந்து மலைக்குத் திரும்பியபோது என்னிடம் இருந்த ஒரே திறமை கடிதம் எழுதுவதுதான். விடுநர், பெறுநர், பொருள் என்று வரிசை தப்பாமல் எழுதி, 'தங்கள் கீழ்ப்படிந்துள்ள சின்னராசு' என்று முடிப்பேன். சாமை அறுப்பில் அந்தத் திறமை எதற்கும் உதவவில்லை. ஆகவே மருத்துவ உதவியாளர் ஆவதென்று முடிவு செய்தேன்.

ஏன் இந்தப் படிப்பு என்று பயிற்சிப் பள்ளிகளுக்கு எழுத வேண்டியிருந்தது. 'மலைவாழ் மக்களுக்குச் சேவை புரியும் ஆவல்' என்று எழுதினேன். பொய்யில்லை. ஆனால் அந்த ஆவல் என் வலது தோளில் இருந்தது. எங்கள் ஊருக்குப் பஸ் கிடையாது. யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் கம்பளியில் தூளி கட்டி, மூங்கிலில் கோத்து, ஒடுகத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு இறங்குவோம். இறக்கத்தில் முன்னால் போகிறவன் உயரமாக இருந்தால்தான் தூளி மட்டமாக நிற்கும். ஊரிலேயே உயரம் நான். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் எனக்குத் தோள்வலி வந்தது. ஊரிலேயே ஊசி போட ஒருவன் இருந்தால் பாதிப் பேரைத் தூக்க வேண்டியதில்லை. அந்த ஒருவன் நானாகவே இருந்துவிட்டால் மீதிப் பேரையும் நான் தூக்க வேண்டியதில்லை. இதை எந்த விண்ணப்பத்திலும் எழுத முடியாது.

மூன்று பள்ளிகளுக்குக் கடிதம் போட்டேன். ஆடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்குவானா? கேள்விகளை எண் போட்டு எழுதினேன். விடுதிக் கிணற்றுத் தண்ணீர் உப்பா? உணவில் கேழ்வரகுக் களி உண்டா? பயிற்சி மாணவர்கள் வெள்ளைக் கோட்டு அணிவது முதல் நாளிலிருந்தா, சில காலம் கழித்தா? ரத்தம் பார்ப்பது எந்த மாதத்தில் தொடங்கும்?

திருப்பத்தூர்ப் பள்ளி ஓர் அச்சடித்த தாளை அனுப்பியது. அதில் என் கேள்வி ஒன்றுக்கும் பதிலில்லை. அந்தப் பள்ளியைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். திருவண்ணாமலையிலிருந்து பதிலே இல்லை. அவர்களுக்கு மரியாதை தெரியவில்லை என்று அதையும் அடித்தேன். கணியம்பாடிக்கு அப்பால் ஓர் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த பள்ளியிலிருந்து கார்டு வந்தது. எழுதியவர் சகுந்தலா, பயிற்சி ஆசிரியை. 'தண்ணீர் நல்ல தண்ணீர். களி செவ்வாய்க்கிழமை. மற்றதை நேரில் வந்து பார்க்கவும்.'

செவ்வாய்க்கிழமைக் களிக்காக நான் ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்ததாக அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். கல்லூரி என்று சொன்னதுதான் தவறு, மற்றதெல்லாம் உண்மை.

கிளம்பும் முன் அப்பா என்னை உட்காரவைத்துப் புத்தி சொன்னார். "அவங்க சேர்றியான்னு கேட்டா ஒடனே தலையாட்டாத. நம்ம ஊர்ல பொண்ணு கேட்டு வந்தா மொத தரம் யாராச்சும் சரின்னு சொல்றாங்களா? மூணு தரம் நடக்க வுட்டுத்தான் சொல்றோம். அப்பதான் மதிப்பு."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. படித்தவன் வேறு. ஆக, இரண்டு மடங்கு மதிப்பு.

சகுந்தலா டீச்சர் என்னை வார்டு முழுக்கச் சுற்றிக் காட்டினார். கட்டில்களும், ஊசிகளைக் கொதிக்கவைக்கும் பாத்திரமும், கொடியில் காயும் வெள்ளைக் கோட்டுகளும் கண்ணில் பட்டன. ஒரு கோட்டின் தோள் அகலத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டேன். எனக்குச் சரியாக இருக்கும். கடைசியில் அவர் என் மதிப்பெண் தாளைப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"மலையிலேருந்து இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல. உங்களுக்கு இடம் இருக்கு. சேர்றீங்களா?"

உள்ளே நெஞ்சு குதித்தது. வெளியே நான் ஜன்னலைப் பார்த்தேன், மாமரத்தைப் பார்த்தேன். பெண் வீட்டுப் பெரியவர்கள் எப்படி வெற்றிலையை மெதுவாகத் துடைப்பார்களோ அந்த நிதானத்தோடு சொன்னேன்.

"யோசிச்சு சொல்றேங்க."

அவர் முகம் கொஞ்சம் மாறியது. மதிப்பு ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"சரிங்க. யோசிங்க," என்றார்.

மலைக்கு வந்து காத்திருந்தேன். இரண்டாம் தரம் கேட்டு யாராவது வருவார்கள், இல்லையென்றால் கார்டாவது வரும் என்று நம்பினேன். தபால்காரர் வாரம் ஒருமுறை வந்தார், என் வீட்டைத் தாண்டிப் போனார். ஒருநாள் ஜீப் சத்தம் கேட்டு, சட்டை மாற்றிக்கொண்டு, முகத்தைக் கழுவி, நிதானமாகத் தெருவுக்கு வந்தேன். மலேரியா மருந்து அடிக்க வந்தவர்கள். என் வீட்டுச் சுவரிலும் அடித்துவிட்டுப் போனார்கள். சட்டையிலும் கொஞ்சம்.

அன்று சாயங்காலம் அம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டே கேட்டார். அம்மா பெயர் பெரியம்மாள். பேச்சும் அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரிதான்.

"ஏண்டா, பள்ளிக்கூடம் இன்னா ஆச்சு?"

"இன்னும் ஒரு தரம் கேப்பாங்கம்மா."

"யாரு கேப்பாங்க?"

"அவங்கதான். ஒரு தரம் கேட்டாங்க. யோசிச்சு சொல்றேன்னு வந்துட்டேன்."

முறம் நின்றது. "மொதல்ல கடுதாசி போட்டது யாரு, அவங்களா நீயா?"

"நான்தான்."

"அப்ப பொண்ணு கேட்டுப் போனவன் நீ. அவங்க பொண்ணு வூடு. மொத தரத்துலயே குடுக்கறோம்னு சொல்லிட்டாங்க. அதுக்கு யோசிச்சு சொல்றேன்னு எழுந்து வந்த மாப்பிள்ளை வூட்டுக்காரன எங்கியாச்சும் பாத்துக்கிறியா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பாவுக்கு ஆட்டுக்குத் தழை போட வேண்டியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எழுந்து போய்விட்டார்.

கடிதத்தில் விடுநர் யார், பெறுநர் யார் என்று தப்பாமல் எழுதத் தெரிந்தவன் நான். கேட்பவன் யார், கொடுப்பவன் யார் என்று மட்டும் தெரியவில்லை.

மறுநாள் விடியும்போது அம்மா ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். "நட. ரெண்டாந்தரம் போலாம்." ஒடுகத்தூர் வரை இறங்கினோம், அங்கே பஸ் பிடித்தோம். என் மதிப்பு வளைவுக்கு வளைவு இறங்கியது. கணியம்பாடி வருவதற்குள் அதில் ஒன்றும் மிச்சமில்லை.

சகுந்தலா டீச்சர் வராந்தாவுக்கு வந்தார். எங்களைப் பார்த்து, "சாப்பிட்டீங்..." என்று தொடங்கினார்.

"சேர்றேங்க," என்றேன்.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். டீச்சர் சிரிக்கவில்லை. "இடம் நிரம்பிடுச்சே. நீங்க பதில் போடல. கணியம்பாடிப் பையன் ஒருத்தனைச் சேர்த்துக்கிட்டோம்."

என் தோள் வலித்தது. தூளி இல்லாமலே.

"ஆனா அவனும் ஆடிக்கிட்டு இருக்கான்," என்றார் டீச்சர். "நேத்து கட்டுப் பிரிக்கறப்ப மயக்கம் போட்டுட்டான். இருக்கறதா, போறதான்னு யோசிச்சு சொல்றேன்னு சொல்லியிருக்கான்."

குழாயடியில் தகரப் பெட்டி மேல் ஒருவன் உட்கார்ந்திருந்தான். பெயர் லட்சுமணன். யோசித்துக்கொண்டிருந்தான். நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்தோம். அவன் வானத்தைப் பார்த்தான். குழாயைத் திறந்து முகம் கழுவினான். மறுபடி பெட்டி மேல் உட்கார்ந்து யோசித்தான். ஒரு சாதாரண விஷயத்துக்கு ஒரு மனிதன் இவ்வளவு நேரம் யோசிப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. போகிறவன் சட்டென்று போக வேண்டாமா? அடுத்தவன் காத்திருக்கிறான் என்ற எண்ணமே கிடையாதா?

அம்மா எழுந்து அவனிடம் போனார். மடியிலிருந்து வேகவைத்த மொச்சையை எடுத்து நீட்டினார். ரத்தம், ஆபரேஷன் என்று எதையாவது சொல்லிக் கிளப்பிவிடுவார் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் எனக்கு நிம்மதிகூட வந்தது.

"இன்னா தம்பி யோசனை?"

"ரத்தத்தப் பாத்தா தல சுத்துதும்மா."

"அதெல்லாம் பழகிடும் தம்பி. மொத பிரசவம் பாக்கறப்ப எனக்கும் சுத்துச்சு. செவுத்தப் புடிச்சுக்கினு நின்னேன். அப்புறம் ஊர்ல பாதிப் புள்ளைங்கள நான்தான் எடுத்தேன். பயப்படாத."

நான் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டேன். பெற்ற தாய், பெற்ற பிள்ளையின் இடத்தை மொச்சையோடு சேர்த்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

லட்சுமணன் மொச்சையைத் தின்று முடித்தான். "இல்லம்மா. எனக்கு இது ஒத்துவராது. மாமன் மாவு மில்லுக்கு ஆள் கேட்டுக்கினே கீறாரு. மாவப் பாத்தா தல சுத்தாது." பெட்டியைத் தூக்கிக்கொண்டு டீச்சரிடம் போனான். இரண்டு வார்த்தை சொன்னான், கிளம்பிவிட்டான். போகிற வழியில் அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

டீச்சர் என் முன்னால் வந்து நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருங்க. இந்த தரம் நான் யோசிச்சு சொல்றேன்."

மாமரத்தைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். அன்று நான் பார்த்த அதே வரிசை தலைகீழாக. எனக்கு வியர்த்தது. அப்புறம்தான் அவர் உதட்டில் சிரிப்பைக் கண்டேன்.

"படுக்கப் பாய் கொண்டுவந்திருக்கீங்களா?"

"இல்லீங்க. போய் எடுத்துக்கினு..."

அம்மா மூட்டையை அவிழ்த்தார். பாய், கம்பளி, என் மாற்றுச் சட்டை, ஒரு தூக்கு. எல்லாம் மடித்து வைத்திருந்தது. "மூணாந்தரம் வேற எங்க நடக்கறது. ஆடு மாடு கீதுல்ல," என்றார்.

பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். அழுவார் என்று நினைத்து நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் உயரத்தைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"சட்டுனு கத்துக்கினு வந்து சேரு. அதுவரைக்கும் ஒருத்தனும் காய்ச்சல்ல படுக்கக் கூடாது. தூளிக்கு முன்னால நிக்க ஒங்கப்பந்தான் கீறாரு. அவரு குள்ளம்."

பஸ் வந்தது. ஏறி, காலியாக இருந்த மூட்டைத் துணியை மடியில் மடித்து வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகச் சொன்னார்.

"செவ்வாக்கெழம களி போட்டா, உப்பு சரியா கீதான்னு எழுது."