பசை போகணும்

பில்கிஸுக்குத் தெரியாத பசை கிடையாது. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் கிளீனிங் டேபிளில் பதினாலு வருஷம் நின்றவள் அவள். சோல் ஓரத்தில் வழிந்த சொல்யூஷன் பசை, மேல்தோலில் யாரோ விரல் வைத்த கறை என்று ஒவ்வொரு ஜோடியிலும் இருப்பதையெல்லாம் எடுத்த பிறகுதான் ஷூ பெட்டிக்குள் போகும். காய்ந்த பசையென்றால் கிரேப் ரப்பர் கட்டியால் தேய்க்க வேண்டும். ரப்பருக்கும் மசியாவிட்டால் பசையைக் கரைக்கிற தின்னர் தொட்ட பனியன் துணி. அவள் துடைத்த ஜோடி ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, கால் கடுக்க நின்றவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

அப்பேர்ப்பட்டவள்தான் புருஷன் வயிற்றில் ஒட்டியிருந்த பசையிடம் மாட்டிக்கொண்டாள்.

அவள் புருஷன் ஜான் பாஷாவுக்குத் தோல் ஷாப்பில், தோல் பதனிடுகிற டிரம் ஓட்டுகிற வேலை. இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் ஜூன் கடைசியில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல்தானே என்று மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பத்து நாள் டிரம் ஓட்டினார். பதினோராம் நாள் வயிறு கல்லாக இறுகி, வேலூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டபோது டைபாய்டு முற்றிக் குடலில் ஓட்டை விழுந்திருந்தது. உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். அதற்காகச் சிறுகுடலின் ஒரு பகுதியை வயிற்றுக்கு வெளியே எடுத்துத் தைத்து, அதன் மேல் ஒரு பையை ஒட்டினார்கள். போக வேண்டியதெல்லாம் இனி அந்தப் பைக்குள்தான் போகும்.

"மூணு மாசம்தான். உள்ள ஆறட்டும், மறுபடி உள்ள வச்சு மூடிடலாம். அக்டோபர் மொத வாரம் வாங்க" என்றார் டாக்டர்.

அந்த வருஷம் ரம்ஜான் அக்டோபர் கடைசியில் வந்தது. ஜான் பாஷா வார்டு கட்டிலில் படுத்தபடியே விரல் விட்டு நாள் கணக்குப் போட்டார். மூடிவிட்டால் ரம்ஜானுக்கு மசூதிக்குப் போய்விடலாம், எல்லாரோடும் வரிசையில் நிற்கலாம். அவருக்கு அது மட்டும் போதும்.

வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு ஒருமுறை போய்த்தான் பார்த்தார். தொழுகை வரிசையில் தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும், இடைவெளி விடக்கூடாது. பை தன் பாட்டுக்குச் சத்தம் போட்டது. குனிந்து நெற்றியைத் தரையில் வைத்தபோது பையின் ஓரம் விட்டுக் கசிந்தது. பக்கத்தில் இருந்த ஆள் முகம் சுளிக்கவில்லை. எழுந்து நிற்கும்போது ஒரு சாண் தள்ளி நின்றுகொண்டார், அவ்வளவுதான். மறுநாள் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத் வீட்டுக்கே வந்து, "உங்களுக்கு மார்க்கத்துல சலுகை இருக்கு பாய். வீட்லயே தொழுங்க, நன்மை கம்மி ஆகாது" என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் ஜான் பாஷாவின் காதில் அது மசூதிக் கதவைச் சாத்துகிற சத்தமாகவே விழுந்தது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் ஒரே கேள்வி. "பிறை பாக்கறதுக்குள்ள மூடிடுவாங்க இல்ல?"

"மூடிடுவாங்க. தேதியே குடுத்துட்டாங்க, சும்மா பேஜார் பண்ணாதீங்க" என்பாள் பில்கிஸ்.

பை மாற்றுகிற வேலை அவளுடையது. பையோடு சேர்ந்த வட்டமான பிளேட்டின் பின்பக்கம் முழுக்கப் பசை. அதை உரித்து எடுத்தால் தோலில் ஒரு வளையம் தங்கிவிடும். முதல் தடவை பழுப்பாக, ஜவ்வாக இருக்கும். அதன் மேலேயே லுங்கியின் நூலும் தூசியும் ஒட்டி, அடுத்த தடவை கறுப்பாகும். ஆஸ்பத்திரியில் இதைச் சொல்லிக்கொடுத்தவர் சிஸ்டர் பெர்சிஸ். "வெதுவெதுன்னு தண்ணி, மெல்லிசான துணி. ஒத்தி எடுங்க. வேற எதுவும் வேணாம்மா" என்றார். பில்கிஸ் பவ்யமாகத் தலையை ஆட்டினாள். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். தண்ணீருக்குப் போகிற பசையை அவள் இந்த ஜென்மத்தில் பார்த்ததில்லை.

தண்ணீரில் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. சோப்பு போட்டாள். வழவழவென்று ஆனதே தவிர வளையம் அப்படியே இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. கம்பெனியில் இப்படி ஒரு ஜோடி போனால் அந்த டேபிளுக்கே அவமானம். புருஷன் வயிற்றில் இதை வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பாடு இறங்கும்? இந்த அழுக்கைப் பார்த்துவிட்டு ஆபரேஷன் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டால்?

பக்கத்து டேபிள் ராஜம்மாள் யோசனை சொன்னாள். "பலாப்பழம் அறுத்தா கைல இன்னா தடவுவ? தேங்காண்ணதான? அத்தப் போடு."

தேங்காயெண்ணெய்க்கு வளையம் நைந்து உருண்டு வந்தது. பில்கிஸுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் எண்ணெய் ஏறின தோலில் புதுப் பிளேட் எப்படிப் பிடிக்கும்? மத்தியானம் ஜான் பாஷா டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்தபோது பை மொத்தமாக நழுவி லுங்கிக்குள் விழுந்தது. நாலு பேர் பார்க்க, லுங்கியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி வீட்டுக்கு நடந்து வந்தார். அன்றிலிருந்து டீக்கடைக்கும் போகவில்லை.

எண்ணெய் உதவாது என்றானதும் முந்தானையில் முடிந்து ஒரு துண்டு கிரேப் ரப்பர் கொண்டுவந்தாள். தேய்த்ததில் பசை திரிதிரியாக வந்தது, முடியும் கூடவே வந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். ஓரங்களில் அப்படியும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள், கண் மருந்து சொட்டுகிற காலி பாட்டிலில் தின்னர் ஊற்றி, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். பதினாலு வருஷத்தில் அந்த ரப்பர் துண்டைத் தவிர கம்பெனியிலிருந்து ஒரு நூல்கூட எடுத்து வராதவள், வாட்ச்மேன் முகத்தைப் பார்க்காமலே நடந்தாள்.

பஞ்சில் நாலு சொட்டு, ஒரே ஒரு துடைப்பு. வளையம் மாயமாய்ப் போயிற்று. வயிறு வெளுத்து, காய்ந்து, பளிச்சென்று இருந்தது. புதுப் பிளேட் கச்சென்று பிடித்து ஐந்து நாள் அசையவில்லை. அந்த ஐந்து நாளும் பில்கிஸ் கம்பெனியில் ராணி மாதிரி நடந்தாள். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு ஊசி தெரியும், மருந்து தெரியும், பசை தெரியுமா என்று ராஜம்மாளிடம் பீற்றிக்கொண்டாள்.

"எரியுதா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்காமல் இல்லை.

"லேசா. ஜில்லுனு இருக்கு" என்பார் ஜான் பாஷா. அவள் அதை நம்பினாள். நம்ப வேண்டும் என்று இருந்ததால் நம்பினாள் என்றுகூடச் சொல்லலாம்.

மூன்றாவது தடவை தோல் சிவந்திருந்தது. பசை பிடித்திருந்த இடம், காற்றுப் பட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். ஐந்தாவது தடவை பொடிப்பொடியாகக் கொப்புளம். அதற்கடுத்த தடவை கொப்புளம் உடைந்து நீர் கோத்தது. ஈரத்தில் பிளேட் நிற்கவில்லை. ஐந்து நாள் நின்றது இரண்டு நாளாகி, இரண்டு நாள் ஒரு நாளாகி, கடைசியில் காலையில் ஒட்டியது சாயங்காலம் தொங்கியது. குடலிலிருந்து வருகிற தண்ணீர் சும்மா தண்ணீரில்லை, பட்ட இடத்தை அரிக்கும். அரித்த இடத்தில் மறுபடி பிளேட், மறுபடி பசை, மறுபடி தின்னர். தப்பு எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த வித்தையைத்தான் செய்தாள். அது பலிக்காதபோது, அதையே இன்னும் ஜாஸ்தியாகச் செய்தாள். ஷூவின் தோல் செத்த தோல், என்ன தடவினாலும் பேசாமல் இருக்கும். உயிருள்ள தோல் அப்படி இருக்காது என்பது குழந்தைக்குக்கூடத் தெரிகிற விஷயம். அவளுக்கு அது புரிந்தபோது வெளியே தைத்த குடலைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் தோலே இல்லை.

தின்னர் பாட்டிலைச் சாக்கடையில் எறிந்தாள். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. பனியனை மடித்து வைத்துக் கட்டி, நனைய நனைய மாற்றினாள். லீவு போட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்கு முன்னாலேயே போகலாம் என்றால் அவர் கேட்கவில்லை. "தேதி அன்னிக்கே போலாம். இப்பப் போனா தள்ளி வச்சிடுவாங்க" என்றார். அவளுக்கும் அதே பயம்தான், அதனால் வற்புறுத்தவில்லை.

அக்டோபர் முதல் வாரம், கொடுத்த தேதியில் போனார்கள். அவர் புதுச் சட்டை போட்டிருந்தார். வார்டில் தங்க வேண்டியிருக்கும் என்று துணிப்பையில் துண்டு, டம்ளர், தஸ்பீஹ் மாலை எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். அறையில் கட்டை அவிழ்த்த டாக்டர் இன்னொரு தரம் குனிந்து பார்த்தார். பிறகு சிஸ்டர் பெர்சிஸைக் கூப்பிட்டார்.

"இந்தத் தோல்ல கத்தி வைக்க முடியாது. வச்சா சீழ் புடிக்கும். மொதல்ல இது ஆறணும். ரெண்டு மாசம் கழிச்சுப் பாப்போம்" என்றார் டாக்டர்.

இரண்டு மாதம் என்றால் ரம்ஜான் முடிந்து பெருநாளும் போயிருக்கும். ஜான் பாஷா தலையை ஒரு தரம் ஆட்டினார். டாக்டர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

சிஸ்டர் பெர்சிஸ் கையுறை மாட்டிக்கொண்டு குனிந்தார். "கசிவுல மட்டும் இப்படி ஆகாது. இன்னா போட்டீங்க? மறைக்காம சொல்லுங்க."

பில்கிஸ் துணிப்பையின் காதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் சிஸ்டர்" என்றார் ஜான் பாஷா. "தின்னர் போட்டுத் தொடச்சிட்டேன். பசை போகணும்னு. தோல் ஷாப்புல வேலை செய்றவன், புத்தி அப்படித்தான் போகும்."

"அய்யோ பாய், படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! ஏம்மா, நீயாச்சும் தடுக்கக் கூடாதா?"

பில்கிஸ் வாயைத் திறந்தாள். ஜான் பாஷா அவளைப் பார்க்காமலே கையை லேசாக அசைத்தார், பேசாதே என்பது போல. அவள் பேசவில்லை. தின்னருக்குப் பிறகு அவள் செய்த இரண்டாவது தப்பு அது என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்து நினைத்து அழுதிருக்கிறாள்.

சிஸ்டர் தண்ணீரில் ஒத்தி, பவுடர் தூவி, உதறி, புதுப் பிளேட்டை எடுத்தார். ரணத்துக்கு வெளியே நல்ல தோலில் பழைய பசை கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. பில்கிஸின் கண் அங்கேயே நின்றது.

"சிஸ்டர், அந்தப் பசை... அத்த எடுக்கல?"

"அது எதுக்கு? இருந்துட்டுப் போகுது. அதும் மேலயே ஒட்டலாம், நல்லாப் புடிக்கும். அடுத்தடுத்த தடவை தானா வந்துடும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, சிஸ்டர் பிளேட்டை வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். "இன்னிக்கி சரியா நிக்காது. தோல் ஈரமா இருக்கு. வழியில விட்டுக்கிச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது, வீட்ல போய் மாத்துங்க."

பில்கிஸ் அவர் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டாள். இருந்துவிட்டுப் போகலாமாம். எண்ணெயும் ரப்பரும் தின்னரும், ஆறு வாரமும், ஒரு ரம்ஜானும், இருந்தால் ஒன்றும் ஆகாத ஒன்றுக்காகப் போயிருக்கிறது.

ஆம்பூர் பஸ்ஸில் இரண்டு பேர் சீட் கிடைத்தது. பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் புதுச் சட்டையின் ஓரம் நனைய ஆரம்பித்தது. அவள் துணிப்பையிலிருந்து துண்டை எடுத்து மடித்து, சட்டைக்குள் கைவிட்டு, பிளேட்டின் விட்டுப்போன ஓரத்தில் வைத்து அழுத்திப் பிடித்தாள். எதிரே நின்றிருந்தவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"எரியுதா?" என்றாள்.

"எரியுது."

அந்தக் கேள்விக்கு அவர் அப்படிப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. பில்கிஸ் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பவும் எரிஞ்சுதா? தின்னர் வைக்கறப்ப?"

"எரியாம? நெருப்ப வச்சாப்ல இருக்கும்."

"அப்றம் ஏன் சொல்லல? மொத நாளே சொல்லி இருந்தா நான் வுட்டிருப்பேனே. அல்லா, ஏங்க சொல்லல?"

ஜான் பாஷா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தொடச்சு முடிச்சிட்டு நீ சிரிப்ப. 'பாருங்க, இப்ப எப்டி ஜோரா இருக்கு'ன்னு. எனக்கு ஒடம்பு முடியாம போனதுலருந்து நீ சிரிச்சது அந்த ஒரு நேரம்தான் பில்கிஸ். அத்த வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல."

துண்டு நனைந்து விரலிடுக்கில் சூடாக வழிந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு கை வேண்டும். ஒன்று அவர் வயிற்றில் இருந்தது, இன்னொன்றை அவர் பிடித்துக்கொண்டிருந்தார். ஆம்பூர் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.