அப்பாவின் உயரம்

தம்பி எனக்கு நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது தரவேண்டும். பணத்தைவிட, அவன் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்கத்தான் வாராவாரம் கேட்டேன். அப்பாவின் உயரமும் குரலும் அவனுக்கே போயிருந்தன. அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறெரியும்.

நான் கல்லூரி லேபில் ஸ்லைடு கழுவுகிறவன். ஒருநாள் டீச்சரம்மா வெட்டுக்கிளியின் உடலில் விந்தணு உண்டாகும் செல்லை மைக்ராஸ்கோப்பில் காட்டினார். குரோமோசோம் இழைகள் இரண்டிரண்டாக ஒட்டிக் கிடந்தன.

"அப்பா குடுத்த இழையும் அம்மா குடுத்த இழையும் ஜோடி தேடி ஒட்டிக்கும். துண்டு மாத்திக்கிட்டுப் பிரியும். உங்கப்பா ஒடம்புல உங்க தாத்தா, பாட்டியோடதும் இப்படித்தான். அதான் பிள்ளைக்குப் பிள்ளை வேற வேற கலவையா வரும்."

"யாருக்கு எதுன்னு யாரும்மா பிரிக்கிறா?"

"யாருமில்ல. அதுவா அமையுறதுதான்."

அப்பாவின் உயரத்தையும் குரலையும் தம்பி என்னிடமிருந்து பறித்துக்கொண்டதாகவே நாற்பது வருஷம் நினைத்திருந்தேன். அவனைப் போனில் கூப்பிட்டேன்.

"கடனை விட்டுட்டேன்டா."

"என்னண்ணே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

அதே அப்பாவின் குரல். வயிறு இன்னும் எரிந்தது. ஆனாலும் பணம் வேண்டாமென்று மறுபடி சொல்லிவிட்டுத்தான் வைத்தேன்.