ஊதா வரவில்லை

சோதனைக் குழாயில் ஊதா நிறம் வரவில்லை. புரதம் பட்டால் ஊதாவாகிற மயில்துத்தக் கரைசல் நீலமாகவே கிடந்தது. இன்னொரு குழாயில் அயோடின் ஒரு சொட்டு விட்டேன், கறுநீலம். அடப்பாவி! புரதம் ஒரு பொட்டுகூட இல்லை, முழுக்க மாவு.

கல்லூரி ஆய்வகத்தில் இருபது வருடமாகக் குழாய் கழுவுகிறவள் நான். பாடம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மாவு, கொழுப்பு, புரதம், எல்லாவற்றுக்கும் அடி கார்பன்தான். ஆனால் மாவு அடுப்புக்கு விறகு, புரதம்தான் சுவருக்குச் செங்கல். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய், பாதத்தில் ஆறாத புண். "புரதப் பொடி குடுங்க. சதை வளரலேன்னா காலை எடுக்க வேண்டி வரும்" என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. வெள்ளிக்கிழமை பார்த்து முடிவு சொல்வார். இன்று புதன். புண் ஆறுகிற வழியைக் காணோமே என்றுதான் வீட்டு டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை கொண்டுவந்து சோதித்தேன்.

பொடி வாங்கிய அன்றே கலப்படமா என்று ஆய்வகத்தில் பிரித்துச் சோதித்தேன். அருமையான ஊதா வந்தது. அப்படியென்றால் வீட்டில்தான் யாரோ மாற்றியிருக்கிறார்கள். பாலில் கரைத்துக் கொடுப்பது நாத்தனார். தன் பிள்ளைக்கு எடுத்துக்கொண்டாளா? எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன்.

"கூடப் பொறந்தவனுக்கே இப்படிச் செய்ய எப்படிடி மனசு வந்துச்சு?" செருப்பைக்கூடக் கழற்றாமல் வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன்.

அவள் உள்ளே போய்ப் பொடி டப்பாவை எடுத்து வந்தாள். டப்பாவை மூடியோடு கவிழ்த்துக் காட்டினாள்.

"மொத நாளே சொன்னேன் அண்ணி, சூடான பால்ல போட்டா கூழாட்டம் ஆகுதுன்னு. 'உனக்குக் கரைக்கத் தெரியல'ன்னீங்க. இது யாரு எழுத்து?"

அடியில் கறுப்பு மையில் '4'. என் எழுத்து.

காலி டப்பாவைத் தூக்கிப்போட மனசு வராத ஜென்மம் நான். வாத்தியார் ஒருவர் குடித்துத் தீர்த்த அதே மாதிரி புரதப் பொடி டப்பா ஒன்றில்தான் மாணவர்களுக்கான மாவைப் போட்டு, அடியில் எண் எழுதி, நான்காம் அலமாரியில் வைத்திருந்தேன். சோதித்த பொடியையும் அதன் பக்கத்தில் வைத்து, சாயங்காலம் அவசரத்தில் மாவை எடுத்து வந்திருக்கிறேன். போன வாரம் மாணவர்களுக்குக் கறுநீலம் வராதபோது, அயோடின் கெட்டுப்போச்சு என்று புட்டியையே கொட்டினேனே, அங்கே இருந்தது அவருடைய புரதம்! மாவு உடைந்தால் சர்க்கரை. மூன்று வாரமாக அவருக்கு என் கையாலேயே விஷம் கொடுத்திருக்கிறேன்.

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

"அவள ஏன் திட்றே? எனக்கே தெரிஞ்சுது, வாயில பசையா ஒட்டுச்சு. நீ சோதிச்சுக் கொண்டாந்ததாச்சேன்னு குடிச்சேன்."

ஆய்வக அலமாரியில் டப்பா மாறிப்போனதைச் சொன்னேன்.

"போய் நல்ல டப்பாவ எடுத்துட்டு வாங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "இன்னும் ரெண்டு நாள் இருக்குல்ல."

இரண்டு நாளில் சுவர் எழும்பாது. அது அவளுக்கும் தெரியும். கழற்றாத செருப்போடு திரும்ப ஓடினேன்.